கனோபலாஸ் ஏற்றத்தில் ஒரு கை

ஏற்றத்தின் நடுவில் சைக்கிள் திடீரென்று லேசானபோது செந்தூரனுக்கு முதலில் சந்தோஷந்தான் வந்தது. அவன் கியர் மாற்றவில்லை. காற்றும் முகத்துக்கு நேரேதான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில், யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டூங்கபியில் வாராவாரம் கூடும் அவர்களுடைய சைக்கிள் கூட்டத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஏற்றத்தில் களைத்தவனை வலுவுள்ளவன் முதுகில் கை கொடுத்துத் தள்ளலாம். தள்ளப்படுகிறவன் திரும்பக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, பிறகு தேத்தண்ணிக் கடையில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடக் கூடாது. தொப்பையை இறுக்கமான சட்டைக்குள் திணித்துக்கொண்டு, எடை குறைந்த சைக்கிளுக்குக் கார் விலை கொடுத்த ஆண்களின் மானத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த சட்டம் உலகத்தில் கிடையாது.

சட்டப்படி அவனும் ஒருவனைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை, முன்னால் போகும் சஞ்சீவின் முதுகில் இருந்தது. சஞ்சீவ் அவன் மனைவி லக்சிகாவின் தம்பி. வருகிற ஞாயிறு மாப்பிள்ளை. தாலிக்குப் பொன்னுருக்கி இரண்டு நாள் ஆகிவிட்டது. பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளை வீட்டை விட்டுத் தூரம் போகக் கூடாது, போனாலும் தோழன் நிழல் மாதிரிக் கூடவே போக வேண்டும். தோழன், அக்காவின் புருஷனான செந்தூரன். "தனிய விடாதேங்கோ, என்ன நடந்தாலும் தனிய விடாதேங்கோ" என்று லக்சிகா வாசலில் நின்று மூன்று தரம் சொன்னாள். இருவரும் பரமட்டாவில் தையற்காரரிடம் போயிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் நீலமலையைக் காரில் தாண்டி, ஒரேஞ்ச் நகரத்துக்கும் அப்பால், எப்போதோ அணைந்துபோன கனோபலாஸ் எரிமலையின் மேல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். கலியாணத்துக்கு முன்னம் ஒரேயொரு மலை அத்தான், ப்ளீஸ் என்று கேட்டால் எந்த அத்தானால் மறுக்க முடியும்?

காலையில் அப்பிள் தோட்டங்களின் ஓரமாக மலையை அரைவட்டம் சுற்றியபோது வெயில் இருந்தது. மண் செங்கல் தூளைப்போலச் சிவந்திருந்தது. ஏற்றம் தொடங்கியதும் மூடுபனி இறங்கியது. பனிக்குள் யூக்கலிப்டஸ் மரங்கள் உரித்த பட்டையோடு ஈரமாக நின்றன. சாலையை வெட்டிய இடங்களில் எரிமலைக் கல் கறுப்பாக, துளைத்துளையாக, புளித்த அப்பம் மாதிரி வெளியே தெரிந்தது. அந்தக் கல்லிலிருந்தோ வேறெங்கிருந்தோ, அப்போதுதான் உரசி அணைத்த தீக்குச்சியின் வாசனை வந்துகொண்டேயிருந்தது.

பின்னால் தள்ளுவது பிரதீப்குமார் அண்ணைதான் என்று செந்தூரன் முடிவு செய்திருந்தான். கூட்டத்தின் தலைவர், இன்றைக்கு அவர்களோடு வந்த மூன்றாம் ஆள். அடிவாரத்தில் புதர்ப் பக்கம் ஒதுங்கியவர் பிறகு எட்டிப் பிடித்திருப்பார். நல்ல மனுசன். கைதான் கொஞ்சம் சூடு. சட்டையைத் தாண்டி, வியர்வையைத் தாண்டி, இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்ததுபோல ஒரு சூடு. அண்ணைக்கு இவ்வளவு பெரிய கையா? பெருவிரல் ஒரு விலாவிலும் சின்னவிரல் மறு விலாவிலும் பட்டன.

"டேய் மாப்பிள்ளை! இன்னும் கொஞ்சந்தான், மிதி!"

பிரதீப்குமாரின் குரல். மேலே இருந்து. முன்னால் இருந்து.

"அண்ணை எப்ப எங்களைத் தாண்டினவர்?" என்று கேட்டான் செந்தூரன்.

"அப்பவே தாண்டிட்டார் அத்தான். நீங்கள் குனிஞ்சு சக்கரத்தையே பாத்துக்கொண்டு வந்தனீங்கள்" என்றான் சஞ்சீவ், திரும்பாமல்.

செந்தூரனின் கால்கள் நின்றுவிட்டன. சைக்கிள் நிற்கவில்லை. மிதிக்காத சைக்கிள் ஏற்றத்தில் அதே வேகத்தில், டிக்டிக்கென்று பின்சக்கரம் சுழல, ஏறிக்கொண்டேயிருந்தது. சட்டம் ஒருபுறம் கிடக்க, இப்போது அவனால் திரும்பவும் முடியவில்லை. கழுத்து மறுத்தது.

சாலை மலைமுதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் இடத்தில் பிரதீப்குமார் ஒற்றைக் காலை ஊன்றி, வாழைப்பழம் தின்றபடி நின்றார். "வாங்கோ வாங்கோ, மாப்பிள்ளையும் தோழனும்! மாலை ஒண்டுதான் குறை—"

வாய் அப்படியே நின்றது. அவர் செந்தூரனைப் பார்க்கவில்லை. செந்தூரனுக்குப் பின்னால், சாலையின் நீளத்தைப் பார்த்தார். கண்கள் கீழே வளைவு வரை போய், திரும்ப மெல்ல மெல்ல வந்து, செந்தூரனின் முதுகில் முடிந்தன. பழம் கையிலிருந்து விழுந்தது. சைக்கிளைத் திருப்பி மறுபக்க இறக்கத்தில் பாய்ந்தார்.

செந்தூரனின் முதுகு குளிர்ந்தது. கை எடுபட்டிருந்தது. அடுத்த கணம், திறந்த அடுப்பொன்று தலைக்கு மேலே போவதுபோலச் சூடு ஒன்று கடந்தது. கல்லோடு கல் அரைபடும் ஓசை. கீழே, பனிக்குள், பிரதீப்குமாரின் பிரேக் அலறியது. அது நிறுத்தப் பார்க்கும் பிரேக்கின் அலறல். வேகம் கூடிக்கொண்டேயிருந்தது. "விடு! விடடா!" என்றார். வளைவு வந்தது.

சத்தம் ஒன்றுதான்.

அவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இரும்புத் தடுப்பு அவரை இடுப்பில் பக்கவாட்டாக மடித்து வைத்திருந்தது, துவாயைக் காயப்போட்டதுபோல. தலை முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மடிய மனிதனுக்கு மூட்டு கிடையாது. விலா எலும்புகள் சட்டையைக் கிழித்து முன்னால் வெளியே வந்திருந்தன. முதுகில் துணி இல்லை, தோல் இல்லை. கருகிய, ஆழமான, ஐந்து விரல் வைத்த ஒரு பள்ளம். அதிலிருந்து ஆவி வந்தது.

சஞ்சீவ் தலைக்கவசத்தைக் கழற்றி அதற்குள்ளேயே சத்தி எடுத்தான். செந்தூரன் தொலைபேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். சிக்னல் இல்லை.

"கார் இந்தப் பக்கந்தான் கீழ நிக்குது. நடப்பம்" என்றான் செந்தூரன்.

"சைக்கிள்ல போனால் கெதியா—"

"அவரும் சைக்கிள்லதான் போனவர்."

சைக்கிள்களை அங்கேயே போட்டார்கள். நடக்கத் தொடங்கியதும் சஞ்சீவ் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான். "அத்தான், பின்னால நீங்கள் வாறியள்தானே?"

"ஓம். கை வைச்சிருக்கிறன் பார்."

வைத்தான். யோசித்துத்தான் வைத்தான். ஒரு முதுகில் இரண்டு கைகளுக்கு இடமில்லை. சஞ்சீவின் முதுகில் தன் கை இருக்கும்வரை அங்கே வேறு கை வராது. வருவதென்றால் தன் முதுகுக்கு வரட்டும். தோழன் என்றால் வேறென்ன? ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகையைச் சரிசெய்து விடுவது மட்டுமா?

வந்தது.

முதலில் சூடு. பிறகு பெருவிரல். பிறகு மற்றவை. அவசரமில்லாமல், இடம் பார்த்துப் படிந்தது.

நடை வேகமானது. சஞ்சீவின் நடையும் வேகமானது. சைக்கிள் சப்பாத்தின் அடிக்கட்டை ஈரத் தாரில் வழுக்கியது. நடை ஓட்டமானது.

"அத்தான், மெதுவா."

"நான் இல்லையடா."

"என்ன?"

முதுகுத்தோல் பொரியும் வாசனை வந்தது. தன்னுடையது. அலறலைப் பல்லுக்குள் கடித்தான். அவன் கை விறைத்த தடியாகிச் சஞ்சீவை முன்னே குத்தியது. சஞ்சீவின் விலாக்கள் தன் உள்ளங்கைக்குக் கீழே வளைவதை உணர்ந்தான். இன்னும் ஓர் அழுத்தம். ஒடிந்துவிடும்.

தள்ளுவது தான்தான்.

கையை எடுத்தால் அந்த முதுகு வெறுமையாகும். எடுக்காவிட்டால் தன் கையாலேயே.

சஞ்சீவுக்குள் ஏதோ டக்கென்றது. அவன் கத்தினான்.

செந்தூரன் கையை எடுத்தான். எடுத்து, பக்கவாட்டில், முழு உடம்போடும் பாய்ந்தான்.

முழங்கை உடைந்தது. தோள் தரையில் உரசியது. சிவந்த மண் வாய்க்குள். ஓரத்துக் கல் ஒன்று பற்களைப் பெயர்த்தது. முதுகுச் சதையின் ஒரு துண்டு அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. குப்புறக் கிடந்தான். உயிரோடு. முதுகில் பாரம் இல்லை.

"சஞ்சீவ்! ஓரத்துக்குக் குதி!"

பதில் வந்தது. வளைவுக்கு அப்பாலிருந்து.

"ஓகே அத்தான். இப்ப நோகேல்ல. கையை எடுத்திடாதேங்கோ."

சாலை அங்கே வளைந்து திரும்பி, செந்தூரன் கிடந்த மேட்டுக்கு நேர் கீழே வருகிறது. பனி அந்த இடத்தில் மட்டும் விலகியது. சஞ்சீவ் கீழ்ச் சாலையில் வந்துகொண்டிருந்தான். சப்பாத்துகள் தரையில் படவில்லை. ஆடின. நெஞ்சின் நடுவிலிருந்து கறுத்த, துளைத்துளையான ஐந்து விரல்கள் வெளியே வந்து, ஈரம் சொட்ட, மெல்ல விரிந்தன. அவன் அவற்றைக் குனிந்து பார்க்கவில்லை. பின்னாலும் பார்க்கவில்லை. சட்டப்படி நேரே பார்த்துக்கொண்டு, வாயிலிருந்து நெஞ்சு வரை சிவக்க, "போதும் அத்தான், இனி நானே போவன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

செந்தூரன் மூச்சை அடக்கினான். அவன் கன்னத்துக்குப் பக்கத்தில், தாரை உரசிக்கொண்டு, கறுத்த கை ஒன்று மலைமுதுகின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து, அவனைத் தாண்டி, வளைவில் வளைந்து, கீழே போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டேயிருந்தது.

அதன் முழங்கை இன்னும் வரவில்லை.