அரைப் பேர்

கஹவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டோ பிடித்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலேறி ஜீவராணி வேலைத்தளத்துக்கு வந்தபோது வியாழக்கிழமை காலை ஆறேகால். இரவெல்லாம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கொட்டிலின் கூரையில் இலைநீர் நின்று நின்று விழுந்துகொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக்குப் பதிலாகக் கட்டும் இருபது புது வீடுகள் கூரையில்லாமல் நின்றன. அவற்றுக்குப் பின்னால் செம்மண் மேடு. அதன் ஒரு பக்கம் பிய்ந்து கீழே இறங்கியிருந்தது.

எட்டு நாளைக்கு முன் அந்த மண்தான் முத்துவீரனை மூடியது.

கொட்டில் வாசலில் சுப்பவைசர் பவாஸ் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தான். கஹவத்தை டவுன்காரன், சிரித்த முகக்காரன். இன்று சிரிக்கவில்லை.

"வந்தீங்களா மிஸ். இனி வரமாட்டீங்க எண்டுதான் நெனச்சேன்."

"வராம என்னங்க செய்யுறது?" என்றாள் ஜீவராணி.

உண்மையில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயக் காம்பராவில் பிறந்து பொறியியல் வரைக்கும் ஏறியவள். கட்டுமான முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்பு இப்போது ஐந்தாம் வருஷம். சனி ஞாயிறுகளில் கொழும்புக்கு ஓடி, கிழமை நாளில் வேலை பார்த்து, கண்ணில் ரத்தம் கட்டப் படித்த படிப்பு. இரண்டு முறை தவணை கேட்டுவிட்டாள். மூன்றாம் முறை பேராசிரியர் இரண்டே வரியில் பதில் போட்டார். பதினொரு நாளில், திங்கட்கிழமை நண்பகலுக்குள் ஆய்வு வந்து சேராவிட்டால் பதிவு நீங்கிவிடும். அத்தோடு ஐந்து வருஷமும் குப்பையில்.

ஆய்வு என்ன பெரிய ஆய்வு? ஒரே ஆறு பேர், ஒரே வேலை, இருபத்து நான்கு வேலை நாள். வீடுகளுக்குப் பின்னால் அவர்கள் வெட்டும் கான், அதுதான் மழைநீர் ஓடும் வாய்க்கால், நாளுக்கு எத்தனை அடி நீள்கிறது என்று அளக்க வேண்டும். பதினைந்து நாள் அளந்தாள். பதினாறாம் நாள் மேடு சரிந்தது. ஆள் ஒன்று குறைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார்.

மிச்சம் இருந்தது ஒன்பது நாள். ஆட்கள் ஐந்து பேர்.

அந்த ஐந்தில் ஒருத்தி புஷ்பம், முத்துவீரனின் மனைவி. எட்டாம் நாளே மண்வெட்டியோடு வந்து நின்றாள். "வீட்டுல குந்தியிருந்தா பைத்தியம் புடிச்சிரும் மிஸ்," என்றாள். ஜீவராணிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் வெறும் பெயர் இல்லை. அது ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திக் கூப்பிட்டுப் பேர் போடுவார்கள். பேர் விழுந்தால் ஆள் வேலையில் நிற்கிறது என்று அர்த்தம். பாதியில் போனால் அரைப் பேர். முத்துவீரன் செத்தது காலை பத்தரைக்கு. அன்றைக்குப் பவாஸ் அவருக்கு அரைப் பேர் போட்டிருந்தான். பாவம், அவன் வேறு எதைப் போடுவான்?

இதெல்லாம் ஜீவராணிக்குத் தெரியாதா? பிறந்ததே அங்கேதானே. தெரிந்துதான் அன்றைக்குக் காலை கொட்டிலின் மூலையில் திரும்பி நின்று தன் தாளில் ஐந்து பேரை எழுதினாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறாவதாக எழுதினாள்.

முத்துவீரன். ஒரு பேர்.

தாள் தன்னுடையது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாலை நாலு மணிக்கு டேப்பைப் பிடித்து அளந்தாள். ஐந்து பேர் வெட்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று அடி வரும். பதினாறு அடி இருந்தது. திரும்ப அளந்தாள். பதினாறு. ஆறு பேர் வெட்டிய நாட்களின் அதே அளவு.

அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு அவள் அதிகம் அழுதாள்.

மறுநாளும் பதினாறு. அதற்கு மறுநாளும். கான் வெட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்தே வேலை செய்தார்கள். ஐந்து பேரும் சாப்பிட மேலே வந்த பிறகும் கீழே மண்வெட்டி கொத்தும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், அளந்து வைத்தாற்போல. பச்சை மண் வாடை சோற்றுப் பார்சலுக்குள் எல்லாம் ஏறியது.

திங்கட்கிழமை பத்தரை மணித் தேநீருக்குப் பவாஸ் கை மறந்து ஆறு கோப்பை ஊற்றிவிட்டான். ஐந்தைத்தான் எடுத்தார்கள். அவன் சீனிப் போத்தலை மூடிவிட்டுத் திரும்பினால் ஆறாவதும் காலி. அடியில் விரல் கனத்துக்குச் சேறு.

"யா அல்லாஹ்," என்றான் பவாஸ். "மிஸ், இங்க என்னமோ சரியில்ல."

ஜீவராணி கோப்பையை வாங்கி வெளியே கழுவினாள். ஆனாலும் அடுத்த நாள் காலையில் அதே கை ஆறாவது பேரை எழுதத் தவறவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புஷ்பம் கொட்டிலுக்குள் வந்தாள். கண்கள் குழிவிழுந்து போயிருந்தன. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"மிஸ், அவருக்குப் பேரு போடுறீங்களா?"

ஜீவராணி தன் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான்."

கூரையில் தூறல் விழத் தொடங்கியது.

"அந்தியில வந்து வாசல்ல நிக்கிறாரு மிஸ். வாயெல்லாம் மண்ணு. சோறு போட்டா தொட மாட்டேங்குறாரு. பேரு போடுறாங்க புள்ள, நான் எப்புடி வராம இருக்கிறதுன்னு கேக்குறாரு. ஒரு நாளாச்சும் வேலைக்கு டிமிக்கி குடுத்த மனுசனா அவரு?" அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நேத்து என்னையும் கூப்புடுறாரு. ஒத்தையில வெட்ட முடியலையாம்."

"அக்கா..."

"வெட்டிருங்க மிஸ். பெரட்டுக்களத்துல நின்னு அந்தப் பேரை வெட்டிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு கோடு. பேனாவால் ஒரேயொரு கோடு. அதைக் கிழித்தால் ஏழு நாள் அளவும் செல்லாது, ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை. ஜீவராணி புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது.

"இன்னைக்கும் நாளைக்கும் மட்டுந்தாங்க்கா. திங்கக்கிழமை அனுப்புன உடனே வெட்டிருறேன். எங்கம்மா மேல சத்தியம்."

புஷ்பம் கையை உருவிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தாலும் பரவாயில்லை.

"நம்ம தோட்டத்துப் புள்ளன்னு நெனச்சேன்," என்றாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை மழை இல்லை. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்பாடா, கடைசி நாள் என்று ஜீவராணி மூச்சு விட்டாள். பத்தரை மணிக்கு மற்ற நான்கு பேரும் தேநீருக்கு ஏறி வந்தார்கள்.

"புஷ்பம் எங்க?" என்று பவாஸ் கேட்டான்.

"வரச் சொன்னோம். அவரு கூப்புடுறாருன்னு அங்கிட்டுப் போச்சு."

யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் மேடு இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். ஜீவராணி நகம் பிய்யப் பிய்யத் தோண்டினாள். புஷ்பம் குனிந்த நிலையிலேயே இருந்தாள், மண்வெட்டிப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கியபடி. அதே பிடியில் இன்னொரு சோடிக் கைகள் பதிந்த சேற்றுத் தடம் இருந்ததை ஜீவராணி பார்த்தாள். பவாஸும் பார்த்தான். அவன் சட்டென்று தன் சட்டையால் அதைத் துடைத்துவிட்டான்.

"நான் ஒண்டும் காணல்ல மிஸ்," என்று அழுதான். "நீங்களும் காணல்ல. ஹரியா, சரிதானே?"

ஞாயிற்றுக்கிழமை, ஓப்பநாயக்கவில் தன் அறையில், ஜீவராணி கடைசித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்காம் நாள். புஷ்பம் அரைப் பேர். அப்படி எழுதினால்தான் உண்மை. அப்படி எழுதினால் நாள் உடைந்துபோகும், எல்லாமே வீண்.

அவள் மகா பாவி ஒன்றும் இல்லை. பயந்துபோனவள். ஐந்து வருஷத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் தொங்கியவள். புஷ்பம் போயாச்சு, இதை விட்டால் அவள் திரும்பி வருவாளா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

முத்துவீரன், ஒரு பேர். புஷ்பம், ஒரு பேர்.

பதினாறு அடி.

திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வந்தது. அதை வாசித்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, பசிகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்குப் போனாள். வேலையை நிறுத்தியிருந்தார்கள். குறுக்கே மஞ்சள் நாடா. கொட்டில் பூட்டிக் கிடந்தது. பவாஸ் வேலையே வேண்டாமென்று போய்விட்டான். பனி இறங்கி, கானின் தலைமாட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கான் நீண்டிருந்தது. எவ்வளவு என்று அவள் அளக்கவில்லை. அளக்காமலே தெரிந்தது.

கொட்டிலுக்கு முன்னாலிருந்த பெரட்டுக்களத்தின் நடுவில் நின்று தாளை முன்கையில் வைத்து முத்துவீரனின் பேர்கள் மேல் கோடு போட்டாள். ஒன்று, இரண்டு, ஒன்பது. பிறகு புஷ்பத்தின் கடைசிப் பேர்.

பேனா தாளைத் தொட்டது.

பச்சை மண் வாடை அடித்தது.

"மிஸ்."

அவள் நிமிரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பேரு போட்டுட்டு இப்ப வெட்டுனா எப்புடிங்க மிஸ்?" பனிக்குள்ளிருந்து புஷ்பம் கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையில் அடைத்த மண்ணைச் செருமினார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் வந்துட்டமே."