மேட்டைக் கடக்கும் ஆள்

நாலு பேர் நாற்காலியோடு வந்து நின்றபோது இருளப்பனுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல்.

"மாமா, ஏறி உக்காருங்க. மேட்டத் தாண்டி ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். காத்தாட இருந்தா ஒடம்பு சரியாயிடும்," என்றான் டீக்கடை சேதுபதி.

"காய்ச்சக்காரனுக்கு எதுக்குடா காத்து?"

கம்பளியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். அந்தப் பக்கம் இருந்தபோது ஆஸ்பத்திரி டாக்டர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். ஆனால் நாடியைப் பார்க்காமல் மணிக்கட்டில் இருந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளப்பன் தேயிலை எஸ்டேட்டில் தண்ணீர் திறந்துவிடுபவர். பதினோரு வருடமாகக் காலையும் மாலையும் மேட்டைக் கடந்து இரண்டு பக்கத்து வால்வுகளையும் திருப்புகிறார். அப்படிப்பட்ட மனிதரை ஒரு வருடமாக ஊரே தாங்கு தாங்கென்று தாங்கியது. கேட்காமலே வடை வந்தது. டாக்டர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவருக்கோ ஒன்றுமே விளங்கவில்லை. ஊர் உலகமெல்லாம் கொஞ்சுகிறது, பெற்ற மகள் மட்டும் எட்டு மாதமாக ஒரு வார்த்தை அனுப்பவில்லை.

சூரியப் புயலில் செல்போன் கோபுரங்களெல்லாம் செத்துப்போன பிறகு எல்லோர் மணிக்கட்டிலும் கைமாற்றிதான். அருகில் வருபவரின் தகவலை அது வாங்கிக்கொள்ளும், அடுத்தவரைக் கடக்கும்போது கொடுத்துவிடும். இப்படியே ஆள் மாறி ஆள் மாறித் தகவல் ஊர் போய்ச் சேரும். எதை யாரிடம் கொடுப்பது என்று தானே முடிவு செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு 'வலை' என்று பெயர். பொள்ளாச்சியில் இருக்கும் மகள் செண்பகத்துக்கு அவர் வாரம் தவறாமல் 'நல்லா இருக்கியாம்மா' என்று அனுப்பிவந்தார். கட்டிக் கொடுத்ததும் அப்பனை மறந்துவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டே மேடு ஏறி இறங்கினார்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் செண்பகமே ஜீப்பில் வந்து இறங்கினாள். கையில் நாற்பது நாள் குழந்தை.

இருளப்பன் குழந்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "யாரு புள்ளம்மா இது?"

அதைக் கேட்டதும் அவள் உடைந்துபோனாள். "பதினேழு தகவல் அனுப்புனேன்ப்பா! முழுகாம இருக்கேன்னு சொன்னேன். வளைகாப்புக்கு வாங்க, அம்மாவும் இல்ல, எங்கூடவே வந்து இருங்கன்னு கெஞ்சுனேன். நீங்க வாரா வாரம் 'நல்லா இருக்கியா'ன்னு மட்டும் கேட்டீங்க. அதுக்குக் கேக்காமயே இருந்திருக்கலாம்!"

இருவரும் கைமாற்றி பழுது பார்க்கும் நஸ்ரினிடம் ஓடினார்கள். அவள் கருவியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பதினேழும் இதுலதான் இருக்கு, மாமா. வந்துச்சு, ஆனா உங்களுக்குக் காட்டல."

"ஏம்மா?"

"மேட்டத் தாண்டி அலை போகாது. நாள் தவறாம நடக்குற ஆள்கிட்டதான் வலை தகவலக் குடுக்கும். உங்க ஒருத்தர நம்பித்தான் ரெண்டு பக்கமும் பேசுது. உங்களப் பத்திரமா பாத்துக்கன்னு எங்க எல்லாருக்கும் சொல்லுச்சு."

"அப்ப அந்த நாற்காலி?"

"உங்க நாடி ஓடுனாத்தான் இது வேலை செய்யும். அதான் தூக்கிட்டுப் போனாங்க. வலை அறுந்துடக் கூடாது, அதுதான் முதல்னு போன வருஷம் கூட்டத்துல நாம எல்லாரும் கை தூக்குனோமே? நீங்க மலையிறங்கிட்டா வலை அறுந்துடும். அதனால மக பேச்சை அது மறைச்சிருக்கு."

இருளப்பனும் அன்றைக்குக் கை தூக்கியவர்தான். இரண்டு கையையும் தூக்கியதாக ஞாபகம்.

மகளின் குரலைத் தன் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டு, அது வரவில்லையே என்று எட்டு மாதம் நடந்திருக்கிறார். வருவது கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. கைமாற்றியைக் கழற்றி மேசையில் வைத்தார். பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"மாமா, வேற யார் நாடிக்கும் இது ஓடாதே!" என்று நஸ்ரின் பின்னாலேயே ஓடினாள். ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.

இந்தப் பக்கத்தார் பதறிப்போய் அந்தப் பக்கத்துக்குத் தகவல் போட்டார்கள்: 'இருளப்பன் போய்விட்டார். இனி அவசரம் என்றால் யாராவது நடந்து வாருங்கள்.' வலை அதை வாங்கிக்கொண்டது. கொண்டுபோக நம்பகமான ஆளையும் உடனே குறித்துவிட்டது.

அந்தத் தகவல் இன்றைக்கும் மேட்டடியில் இருளப்பனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.