திருமூர்த்தி வயிற்றில் போரான்

டெலிபோன் அலறியது.

ஆர்.எஸ்.புரம் ஆபீசில், ஏ.சி. குளிரில், கிருபாசங்கர் தன் கம்பெனி போஸ்டரை ரசித்துக்கொண்டிருந்தார்.

போஸ்டரில் ஒரு தென்னை மரம். அதில் பாதி உயரத்தில், கிணத்துக்கடவு விவசாயி, எழுபது வயதுத் திருமூர்த்தி. கீழே சிவப்பு எழுத்தில்: 'எலும்பரசு கேப்சூல்! நூறு சதவீதம் தாவர போரான்! முட்டி வலிக்கு முற்றுப்புள்ளி!'

ஏணி வைத்து ஏற்றி, ஏணியை எடுத்துவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். அவரைக் கீழே இறக்கப் பட்ட பாடு போஸ்டரில் இல்லை.

ரிசீவரை எடுத்தார்.

"ஏனுங்க... கிணத்துக்கடவுல இருந்து சாமியாத்தா பேசறனுங்க. எங்கூட்டுக்காரரு தோப்புல விழுந்து கெடக்கறாருங்க. வாந்தியா எடுத்தாரு. போரான், போரான்னு சொல்லிப்போட்டு மூர்ச்சையாயிட்டாருங்க..."

கிருபாசங்கருக்குத் திக்கென்றது.

திருமூர்த்திக்காக அல்ல. போஸ்டருக்காக! பொள்ளாச்சி வரைக்கும் ஒட்டியாகிவிட்டது.

கிருபாசங்கர் வெளியூர் போயிருக்கிறார் என்று தன் குரலிலேயே சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

அதற்குப் பிறகு கிணத்துக்கடவிலிருந்து வந்த எந்த போனையும் அவர் எடுக்கவில்லை.

கிருபாசங்கர் ஒரு காலத்தில் பம்ப்செட் வாஷர் விற்றவர். குருத்து சுருங்கிய தென்னைக்குப் போரான் சத்து வைத்தால் ஓலை விரியும் என்பது இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு உரக்கடைக்காரர் சொல்லித் தெரிந்த விஷயம். மரத்தை நிமிர்த்துவது மனுஷனை நிமிர்த்தாதா?

அந்தக் கேள்வியைத்தான் அவர் சீசாவில் அடைத்து விற்றார்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வாஷர் விற்றவர் கான்டெஸா காரில் போனார்.

மூன்றாம் நாள் காலை. வாசலில் போலீஸ் ஜீப்.

இன்ஸ்பெக்டர் சென்னியப்பன் உள்ளே வந்தார். மரியாதைக்குப் பேர் போனவர். லாக்கப்பில் இருப்பவனிடம்கூடச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் விசாரணையை ஆரம்பிப்பார்.

மேஜையில் இருந்த எலும்பரசு சீசாவை எடுத்தார். லேபிளை நிதானமாகப் படித்தார்.

"ஒவ்வொரு கேப்சூலிலும் சுத்தமான போரான்... அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க. கம்பெனியோட பெருமையே அதுதானுங்க."

"திருமூர்த்தி வயித்துலயும் போரானுங்க. மிச்சத்தை நீங்களே கூட்டிக்குங்க."

கிருபாசங்கர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆளு... போயிட்டாருங்களா?"

சென்னியப்பன் தொப்பியைக் கழற்றினார். தரையைப் பார்த்தார்.



பிறகு கேள்விகளை அடுக்கினார். போன மாசம் டீலர்களுக்கு நடுவில் திருமூர்த்தி வந்து நின்று, முட்டி இருந்தபடியேதான் இருக்கிறது, போஸ்டரைக் கிழிக்கப் போகிறேன் என்று சத்தம் போட்டது உண்மையா? அந்த வாயை மூட வைக்கத் தெரியும் என்று கிருபாசங்கர் பதிலுக்குக் கத்தியது உண்மையா? கேட்டவர்கள் எல்லோரும் டீலர்கள். சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரத் தயார்.

"அது கோவத்துல சொன்னதுங்க!"

"கோர்ட்டுல அதைச் சொல்லுங்க. இப்ப கையைக் கொஞ்சம் நீட்டறீங்களா? இறுக்கமா இருந்தாச் சொல்லோணுமுங்க."

விலங்கு பளபளத்தது.

கிருபாசங்கர் மனசுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டார். ஒரு பக்கம் கம்பெனி, கான்டெஸா, பெயர். இன்னொரு பக்கம்... தூக்குக் கயிறு!

கழுத்து ஜெயித்தது.

"சார்... என்ற கேப்சூல்ல போரானே கெடையாதுங்க."

"லேபிள்ல இருக்குதுங்களே?"

"லேபிள்ல மட்டுந்தானுங்க இருக்குது."

சென்னியப்பன் நம்பவில்லை. கொலைக் கேசில் மாட்டியவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான் என்றார்.

கிருபாசங்கர் சீசாவைப் பறித்தார். ஒரு கை நிறையக் கேப்சூலை வாயில் கொட்டினார். கடித்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கினார்.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். விஷம் நாளைக்கும் வேலை செய்யலாம் என்றார்.

"அப்ப வாங்க சார், குடோனைக் காட்டறேன்!"

அவரே முன்னால் ஓடினார். அவரே பூட்டைத் திறந்தார்.

ஆபீசின் பின்பக்கம், சுவர் நெடுக மூட்டைகள். ஒவ்வொன்றிலும் காங்கேயத்து அரிசி மில் முத்திரை. பக்கத்தில் பச்சைச் சாயம்.

சென்னியப்பன் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"தவிடு."

"முதல் தரத் தவிடுங்க," என்றார் கிருபாசங்கர். குரலில் லேசான வருத்தம். "இதுல எப்பிடிங்க சார் ஆளு சாவான்? தாவரம்னு போட்டது நெசந்தானுங்களே!"

"வாஸ்தவமுங்க."

கான்ஸ்டபிள்கள் மூட்டைகளைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். ஆபீசைச் சுற்றிக் குடோன் பக்கம் வந்து நின்றிருந்த ஜீப்பைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கை தட்டினார்.

ஜீப்பின் பின்பக்கக் கதவு திறந்தது.

சாமியாத்தாள் இறங்கினாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தடவித் தடவி... திருமூர்த்தி!

கிருபாசங்கர் பின்னால் இருந்த மூட்டையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

திருமூர்த்தி வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். தோப்பில் ஒரு தென்னை, குருத்து சுருங்கிக் கிடந்தது. உரக்கடையில் போராக்ஸ் வாங்கி வேரில் வைத்தார். அதில்தான் போரான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். மரம் ஜம்மென்று நிமிர்ந்துகொண்டது. அவரோ சீசா சீசாவாகத் தின்றும் நிமிரவில்லை. கம்பெனி போரானை விட உரக்கடைப் போரான்தான் வீரியம் போலிருக்கிறது என்று முடிவு கட்டினார். மரத்துக்கு வைத்தது போக மீதியை மோரில் கரைத்துக் குடித்தார்.

"மரம் ஒண்ணும் வாந்தி எடுக்கலீங்களே. அதை நம்பித்தான் குடிச்சேன்," என்றார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவிப் பிழைக்க வைத்திருந்தார்கள்.

கிருபாசங்கர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "ஆளு போயிட்டாருன்னு சொன்னீங்களே சார்..."

"நான் எங்கீங்க சொன்னேன்? தலை அரிச்சுதுன்னு தொப்பியக் கழட்டினேன்."

"அப்ப என் மேல கேஸே இல்லீங்களே! போரானை அவரா வாங்கி, அவராத்தானுங்களே குடிச்சாரு!"

"அவரு போரான் குடிச்சதுக்கு உங்க மேல கேஸ் இல்லீங்க," சென்னியப்பன் விலங்கைப் பூட்டினார். மெதுவாக, வலிக்காமல். "என்ற மாமியா ஒரு வருசமாத் தவிடு தின்னாங்க பாருங்க... அதுக்குத்தானுங்க."

வாசலில் கடைசி மூட்டை போலீஸ் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிளின் சட்டையைச் சாமியாத்தாள் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, கேஸ் முடிஞ்சதும் அதுல ரெண்டு மூட்டை எங்கூட்டுக்கு அனுப்பிப்போடுங்க. இவரு தின்னு வீணாப்போச்சு... எங்க எருமை தின்னா, பாலாவது கறக்குமுங்க!"