குடியேறாத வீட்டில் பொங்கிய பால்

தாஜ் நிஷா உள்ளே வந்ததும் பால்துரையின் மேசைமேல் தன் ரியல் எஸ்டேட் லைசென்ஸை எடுத்து வைத்தாள். சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் இருந்தது அது. வீட்டுச் சுவரிலிருந்து அப்படியே கழற்றி எடுத்து வந்திருக்கிறாள். பின்பக்கக் கொக்கியில் சுவர்த்தூள் ஒட்டியிருந்தது.

"இது போயிடும்னு சொல்றாங்க சார். நான் செய்யாத ஒண்ணுக்கு."

டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கை ஒட்டிய அறைதான் பால்துரையின் துப்பறியும் அலுவலகம். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். அவர் குரல் உயர்ந்து உதவியாளர் ஜெபினா கேட்டதில்லை. ஜெபினா அப்படியில்லை. எதிரில் உட்கார்ந்து யார் கண் கலங்கினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவாள். தன் வாயால் ஒரு கேஸையாவது முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வெகுநாளாக உண்டு.

தாஜ் நிஷாவுக்குப் பின்னால் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே அவள் கணவன் உஸைர் வந்து உட்கார்ந்தான்.

"மேடம் லைசென்ஸ் பரீட்சைல மூணு தடவ ஃபெயில் சார். ரூல்படி திரும்பவும் கிளாஸ் போயி, நாலாவது தடவதான் பாஸ். நாலு தடவையும் கூட்டிட்டுப் போன டிரைவர் நான்தான்," என்று சிரித்தான்.

அவளும் சிரித்துவைத்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

அவள் பொறுப்பில் விற்பனைக்கு இருந்த வீட்டை நஞ்சுண்டன் என்பவர் வாங்குவதாக இருந்தது. பத்திரம் முடிவதற்கு முன்பே பால் காய்ச்ச வேண்டும், நல்ல நாள் தப்பிப்போகிறது, சாவி கொடுங்கள் என்று அவர் கெஞ்சினார். சட்டப்படி அது கூடாது என்று இவள் மறுத்துவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை வீட்டைச் சுத்தம் செய்யப் போனவர்கள், அடுப்பின்மேல் மஞ்சள் குங்குமம் இட்ட பித்தளைச் சட்டியும் பொங்கி வழிந்த பாலும் இருப்பதைப் பார்த்தார்கள். ஏஜென்ட் தன் போனில் பின் நம்பர் போட்டால் மட்டும் திறக்கும் வாசல் சாவிப்பெட்டி ஞாயிறு மாலை திறந்திருக்கிறது. திறந்தது அவளுடைய போன். டல்லாஸில் இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், லைசென்ஸ் கொடுக்கும் மாநில ஆணையத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்றார் பால்துரை.

"வீட்டை விட்டே நகரல சார். நஞ்சுண்டன் அங்கிளும் போகவே இல்லைன்னு சத்தியம் பண்றார்."

"சாவிப்பெட்டியோட பின் நம்பர் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது," என்றாள். சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவளுக்கு இருமல் வந்தது. பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து மூடியில் ஊற்றினாள். "பட்டை போட்ட பால். இந்த ஓக் மரத்துப் பூத்தூள் வந்தா வீடே இருமும். நீயும் கொஞ்சம் குடிம்மா," என்று ஜெபினாவிடம் நீட்டினாள். அவள் போன் மேசையில் கிடந்தது. திரைமேல் புதுக் கண்ணாடி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் காற்றுக்குமிழி ஒன்று நின்றது.

"விட்டுடேன் தாஜ்," என்றான் உஸைர் மெதுவாக. "போனா போகட்டும். வீட்ல நிம்மதியா இரு."

"இதுக்கு நான் எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா மச்சான்?"

அவன் சாவியைச் சுழற்றினான்.

மறுநாள் பால்துரையும் ஜெபினாவும் அந்த வீட்டுக்குப் போனார்கள். தாஜ் நிஷாவின் புரோக்கர் ஷ்யாமளாதான் கதவைத் திறந்துவிட ஆள் அனுப்பியிருந்தாள். டெக்சஸில் ஒரு ஏஜென்ட் புரோக்கர் ஒருவருக்குக் கீழேதான் வேலை செய்ய முடியும். புரோக்கர் கையை எடுத்துவிட்டால் லைசென்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சாட்சிக்காகச் சட்டியை அங்கேயே விட்டிருந்தார்கள். சமையலறை முழுக்கப் புளித்த வாடை. கறுப்புக் கண்ணாடி அடுப்பின்மேல் பால் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. சட்டிக்குள் ஏடு மஞ்சளாக வறண்டு கிடக்க, அதில் பழுப்பாகச் சுருண்ட ஒன்று ஒட்டியிருந்தது.

"ஏதோ காஞ்ச இலை அங்கிள்," என்றாள் ஜெபினா.

பால்துரை அதை எடுத்து முகர்ந்து பார்த்து, டிஷ்யூவில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு பக்கத்து மருத்துவர் விளம்பரத்துக்குத் தந்த பல் வடிவக் காந்தத்தைப் பையிலிருந்து எடுத்துச் சட்டியில் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. சட்டி மேலே இருக்க, அடுப்பை அழுத்தினார். எண் ஒன்று கண்சிமிட்டியது. இரண்டு முறை கீச்சென்றுவிட்டு அணைந்துபோனது.

"அடுப்பு ரிப்பேரா?"

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு. நஞ்சுண்டன் குடும்பத்தை விட்டுடலாம்." காந்தத்தை எடுத்துப் பையில் போட்டார். "அந்தப் பொண்ணுக்கிட்ட தனியாச் சொல்றது நல்லதுன்னு தோணுது."

ஆனால் தாஜ் நிஷா ஒப்புக்கொள்ளவில்லை. "ஷ்யாமளா மேடம் முன்னாடியே சொல்லுங்க சார். அவங்க நம்பினாத்தான் நான் பொழைப்பேன். மச்சானும் கேக்கட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஷ்யாமளாவின் அலுவலகத்தில் கூடினார்கள். தாஜ் நிஷா லைசென்ஸை மடியில் வைத்திருந்தாள்.

"அந்தப் பால் அந்த வீட்ல காயவே இல்ல," என்று தொடங்கினார் பால்துரை. "அது இண்டக்ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டுற பாத்திரம்தான் அதுல சூடாகும். பித்தளையை வெச்சா தானா அணைஞ்சிடும். வேற எங்கயோ காய்ச்சின பாலைக் கொண்டுவந்து ஊத்தி, கொஞ்சம் வழியவும் விட்டு, குங்குமம் வெச்சிட்டுப் போயிருக்காங்க. பால் காய்ச்ச வந்தவங்க ஏன் காய்ச்சாம போறாங்க? குடியேற வந்த ஆள் இல்ல. தாஜ் நிஷா மேல பழி விழணும்னு வந்த ஆள்."

தாஜ் நிஷாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல?"

"ஆனா பெட்டியத் திறந்தது உன் போன்தானே?" என்றாள் ஷ்யாமளா.

"ஆமா. போன் பெட்டிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் அது திறக்கும்," என்றார் பால்துரை. "அப்போ போன் அங்க போயிருக்கு. ஆள் போகல."

ஜெபினாவுக்குப் பளிச்சென்றது. "ஸ்க்ரீன் கார்டு அங்கிள். புதுசு, குமிழி கூட இருந்துச்சு. அக்கா, ஞாயித்துக்கிழமை அதை மாத்த போனை எடுத்துட்டுப் போனது யாரு?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆசைப்பட்டபடி கேஸ் அவள் வாயாலேயே முடிந்திருந்தது. அந்த வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

தாஜ் நிஷா திரும்பவில்லை. "கண்ணாடி கீறிப் போச்சுன்னு... அவங்கதான்... கடைல கூட்டம்னு லேட்டா வந்தாங்க."

பால்துரை டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினார். "பட்டை. பால் காய்ச்சற சடங்குல யாரும் இதைப் போட மாட்டாங்க. அன்னைக்கு யாருக்கும்மா பால் காய்ச்சிக் குடுத்தீங்க?"

தாஜ் நிஷா மடியிலிருந்த லைசென்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருமலா இருக்கு, கார்ல போகும்போது குடிக்கிறேன்னாங்க. பெரிய ஃப்ளாஸ்க்கா குடுன்னாங்க," என்றாள்.

"சமையக்கட்டுல நின்னு பழகினவங்களா இருந்தா, அந்த அடுப்பைப் பாத்ததுமே பித்தளைய எடுத்துட்டுப் போயிருப்பாங்க," என்றார் பால்துரை.

உஸைர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான். மறுக்கவில்லை. காபி ஆறிப்போனதைச் சொல்கிறவன் போலச் சொன்னான்: "போன மாசம் என் டீம்ல புதுசா சேர்ந்த ஒருத்தன், 'நீங்க தாஜ் நிஷாவோட ஹஸ்பண்டா?'ன்னு கேட்டான் சார். பொழுது போகட்டும்னு படிக்க வெச்சது நான். கடைசில நான் யாருன்னே இவளைச் சொல்லித்தான் தெரியணுமா?"

"போலீஸ்ல சொல்லலாம்," என்றாள் ஜெபினா.

"சொல்லட்டுமே. கிரீன் கார்டு மனு என் பேர்ல ஓடுது. நான் உள்ள போனா அது நிக்கும். அதுலதான் அவ பேரும் பையன் பேரும் இருக்கு."

தாஜ் நிஷா ஷ்யாமளாவைப் பார்த்தாள். "மேடம், இப்பவாவது தெரிஞ்சுதே, நான் இல்லன்னு. ஆணையத்துக்கு நீங்க ஒரு வார்த்தை எழுதினா..."

"எழுதறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு தாஜ். போன் அவர் கைல இருந்துச்சு, சரி. பின் நம்பர் எப்படித் தெரியும்?"

துப்பட்டா மறுபடியும் இழுபட்டது.

"ஒரு நாள் மழை. கைல 'விற்பனைக்கு' போர்டு, பையன் வேற இடுப்புல. கதவைத் திறங்க மச்சான்னு நம்பரைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை மேடம்."

"அந்த ஒரு தடவ போதும். நம்பரை வேற யாருக்கும் சொல்லவே கூடாதுங்கறது ரூல். ஆணையம் கேட்டா நான் இதைத்தான் சொல்லணும். எனக்குக் கீழ இன்னும் பதினெட்டுப் பேர் இருக்காங்க." ஷ்யாமளா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் தட்டினாள். "உன்னை என் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காத."

ஜெபினா பால்துரையைப் பார்த்தாள். அவர் டிஷ்யூவை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "யாருன்னு கண்டுபிடிச்சுத் தரச் சொன்னாங்க," என்றார் மெல்ல.

தாஜ் நிஷா அழவில்லை. கணவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அன்னைக்கு ராத்திரி, இனிப்பு சரியா இருந்துச்சான்னு கேட்டேன். நல்லா இருந்துச்சுன்னீங்க."

"எது?"

"பாலு."

உஸைர் எழுந்து அவள் மடியிலிருந்த லைசென்ஸை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "வா. பையனை ஸ்விம்மிங்ல இருந்து கூட்டிட்டுப் போகணும்."

அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். அங்கிருந்து வீடு ஃப்ரீவேயில் வெகுதூரம். வந்தது அவன் காரில். பஸ் கிடையாது. பையன் ஈரத் துண்டோடு காத்திருப்பான். எழுந்தாள்.

ஜெபினா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஓடிப்போய் மனைவிக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்ததும் நிமிர்ந்து, சன்னலில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"அஞ்சாவது தடவையும் டிரைவர் நான்தான்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.