டிவி மேல் ஒரு கை

சுபிதாவுக்கு வெல்லம் பிடிக்காது. வெல்லத்தைச் சுற்றி வரும் காகிதம்தான் பிடிக்கும்.

போர்ட் பிளேரில் பழைய காகிதம்கூடக் கப்பலில்தான் வரவேண்டும். சென்னையில் யாரோ படித்துப் போட்ட பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அவள் இருக்கும் டாலிகஞ்ச் பகுதிக் கடைகளில் அவற்றில்தான் பருப்பும் வெல்லமும் மடித்துக் கொடுப்பார்கள். அந்தக் காகிதங்களில் சுபிதா தேடுவது ஒன்றே ஒன்று. டிவி புதிதாக வந்த காலத்து விளம்பரங்கள்.

நான்கு கால் வைத்த டிவி. அலமாரிபோலக் கதவு வைத்த டிவி. அந்தக் கதவுக்குப் பூட்டும் போட்ட டிவி. உள்ளே நடிப்பவர்கள் இறங்கி ஓடிவிடுவார்கள் என்று பயந்தார்களோ என்னவோ.

மாதத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. அப்படியும் அவளுடைய நோட்டில் முப்பத்திரண்டு டிவிகள் சேர்ந்துவிட்டன. டிவி மட்டும்தான் அவளுக்கு வேண்டும். பக்கத்தில் நின்று பல்லைக் காட்டும் ஆட்களையும், கீழே இருக்கும் கடைப் பெயரையும் அவளுடைய கத்தரிக்கோல் இரக்கமே இல்லாமல் வெட்டித் தள்ளிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவரவர் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டுவந்து காட்டும்படி ஆறாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். ஒருத்தி சிப்பி கொண்டுவந்தாள், ஒருவன் தபால்தலை கொண்டுவந்தான். சுபிதாவின் பக்கத்தில் உட்காரும் ராஜகுமாரி மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை.

ராஜகுமாரி ஹட் பே தீவிலிருந்து வந்தவள். ஐந்து வருடங்களுக்கு முன் சுனாமி வந்தபோது அவளுக்கு ஆறு வயது. வீடும், கடையும், கடையைத் திறக்கப் போன அப்பாவும் அன்றோடு போய்விட்டார்கள். மிஞ்சியது அவளும் அம்மாவும்தான். அந்தப் பெண்ணிடம் "நீ என்னம்மா சேர்த்து வச்சிருக்க?" என்று கேட்டால் என்னதான் சொல்வாள்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு சுபிதாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

அது ஒரு பிட் நோட்டீசிலிருந்து வெட்டிய படம். டிவியின் மேல் யாரோ கை வைத்திருந்தார். கையை வெட்டினால் டிவியும் சேர்ந்து போய்விடும் என்பதால், சுபிதா அதை மணிக்கட்டு வரைக்கும் விட்டுவைத்திருந்தாள். வலது கை. கடிகாரம் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தது. சுண்டுவிரல் கோணலாக வளைந்திருந்தது.

"இது எங்கப்பா கை" என்றாள் ராஜகுமாரி.

சுபிதா நோட்டை மூடப் போனாள், ராஜகுமாரி விடவில்லை.

"போட் கதவுல நசுங்கின விரல். அப்பா டிவிதான் வித்தாரு. மீதிப் படம் எங்க?"

"இப்படித்தான் கிடைச்சுது" என்றாள் சுபிதா. பொய் எவ்வளவு சீக்கிரம் வாய்க்கு வந்துவிடுகிறது.

ராஜகுமாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை என்றாள். கல்யாண ஆல்பத்திலிருந்து அடையாள அட்டை வரை எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டதாம்.

"கண்ணை மூடினா அவர் சட்டை ஞாபகம் வருது. குரல் ஞாபகம் வருது. முகம் மட்டும் வரமாட்டேங்குது."

அன்று சாயங்காலம் சுபிதா வீட்டுக் குப்பைக்கூடையைக் கிளறிப் பார்த்தாள். வெட்டிய துண்டுகளெல்லாம் எங்கே என்று அம்மா சிசிலியாவிடம் கேட்டாள். குப்பையைப் பெட்டியில் வைத்தா பூட்டுவார்கள், எல்லாம் அன்றன்றைக்கே வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது என்றார் அம்மா. சுபிதா மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். ஒரு மனிதரின் முகத்தை வெட்டி அடுப்பில் போட்டிருக்கிறாள். தெரியாமல் செய்ததுதான். ஆனால் பொய்யைத் தெரிந்துதானே சொன்னாள்?

அழுது முடித்ததும் யோசிக்க ஆரம்பித்தாள். அந்த நோட்டீஸ் எப்படி வந்தது? கப்பல் வராத ஒரு வாரத்தில், கோவிந்தராஜ் மாமா கடையில் வாங்கிய வெல்லத்தைச் சுற்றி வந்தது. கப்பல் வராவிட்டால் பழைய காகிதமும் வராது. அப்படியென்றால் மாமா அதை எங்கிருந்து எடுத்தார்?

மறுநாள் காலையில் நேரே கடைக்குப் போய்க் கேட்டாள். அலமாரித் தட்டில் விரித்திருந்ததை உருவி மடித்துக் கொடுத்தேன் என்றார் மாமா. அப்படியென்றால் மற்றத் தட்டுகளையும் பார்க்கவேண்டும் என்றாள் சுபிதா.

"அரே பேட்டி" என்று இந்தியில் மகளே போட்டார் மாமா. "தீபாவளிக்கே நான் அலமாரியைக் காலி பண்றதில்ல. உனக்காகப் பண்ணணுமா?"

சுபிதா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், தன் பொய்யையும் சேர்த்து. மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஹட் பே ஜெகநாதன் மகளா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவன் கடை திறந்த புதுசுல என்கிட்ட நூறு நோட்டீஸ் கொடுத்தான். ஹட் பே போட் ஏறப் போறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு கொடுங்க அண்ணேன்னு கெஞ்சினான். சரின்னு வாங்கி வச்சேன். சோம்பேறித்தனம், எல்லாத்தையும் தட்டுல விரிச்சிட்டேன்."

டப்பாக்களை அவரே இறக்கிவைத்தார். உப்பு ஜாடியின் கீழே இருந்தது கூழாகியிருந்தது. எண்ணெய் டின்னின் கீழே இருந்ததைக் கரப்பான் தின்றிருந்தது. ஒன்று உரிக்கும்போதே கிழிந்துபோனது. மதியம் வரை எடுத்துப் பார்த்ததில், சோப்புப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒன்றே ஒன்று முழுசாக வந்தது.

டிவியின் மேல் கை வைத்து ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன் சுபிதா பள்ளிக்கு வந்துவிட்டாள். நோட்டீசைக் கொடுத்து, இன்னொன்று கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் முதலில் சொன்னது வேறு.

"நான் பொய் சொல்லிட்டேன். உங்கப்பாவை வெட்டினது நான்தான். வெட்டின துண்டு அடுப்புல எரிஞ்சு போச்சு."

"ஏன் வெட்டின?"

"டிவி மட்டும் போதும்னு நினைச்சேன்."

ராஜகுமாரி பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சுபிதா நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, முழு நோட்டீசோடு சேர்த்து அவளிடம் நீட்டினாள்.

ராஜகுமாரி நோட்டீசைப் பார்த்தாள். இப்போது அவள் முகம் மலரும் என்று சுபிதா காத்திருந்தாள். அது மலரவில்லை.

"இது யாரு?"

"கீழ பேரு போட்டிருக்கு பாரு."

ராஜகுமாரி எழுத்துக்கூட்டுவதைப்போல நிதானமாகப் படித்தாள். ஜெகநாதன், உரிமையாளர், படகுத்துறை எதிரில், ஹட் பே. மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு இவ்வளவு முடியா இருந்துச்சு?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், ஆனால் அழுகைதான் வந்தது. "எனக்கு அடையாளமே தெரியல சுபிதா. கையை மட்டும்தான் தெரியுது."

சுபிதா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். மணி அடித்தது. எல்லோரும் வரிசைக்கு ஓடினார்கள். இவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

ராஜகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டீசைப் புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்தாள். மூடுவதற்கு முன் அந்த இளைஞரை இன்னொரு தரம் பார்த்தாள்.

"தினமும் பார்த்துப் பழகிக்கிறேன்" என்றாள்.