ஜமீன் சாப்பிட்டானா?

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. வாசலோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து இடம் பார்த்து உட்காருங்கள். இன்றைக்கு ஒரு பூனையின் கதை வைத்திருக்கிறேன். வயிறு சரியில்லாத பூனை. வாய் அதைவிட மோசம். பூனை பிழைத்ததா என்று நடுவில் கேட்டு என்னை அவசரப்படுத்தாதீர்கள். அந்த இடம் வரும்போது எனக்கே நெஞ்சு படபடக்கும்.

வியாழனைச் சுற்றிவரும் நிலவுகளில் பெரியதற்குக் கனிமீடு என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்துச் சனங்கள் அங்கே போய், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து குடியிருப்பு அமைத்தபோது, வாய்க்கு வசதியாக அதைக் கனிமேடு ஆக்கிக்கொண்டார்கள். அந்தக் கனிமேட்டில் ஒரு மதியம் இருதயராஜ் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் அவர் மனைவி ஜெபக்கனி எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவர் தட்டிலும் இருந்தது ஒரே சாம்பல் நிறக் களி.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார் இருதயராஜ். காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். புளி குறைந்தது. "ம், இப்பம் சரி."

அங்கே எல்லார் நாக்குக்கு அடியிலும் அரிசிக் குருணை அளவில் ஒரு நாச்சில்லும், அதை இயக்கக் காதுக்குப் பின்னால் ஒரு விசையும் பதித்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் 'பேர் வைப்பது' என்று ஒரு வழக்கம். வஞ்சிரம் என்று பேர் வைத்தால் களி வஞ்சிரமாக ருசிக்கும். மணமும் அதுவாகவே மூக்கில் ஏறும். பேர் வைக்காமல் சாப்பிடுவது, செருப்போடு கோவிலுக்குள் போவது போல. சாப்பிட்டு முடித்ததும் அந்தச் சில்லே, களி விளைகிற பாசித்தொட்டிக்குச் சேதி அனுப்பும்: இவர் திருப்தி, அவர் திருப்தி என்று. எல்லாரும் திருப்தி என்றால் தொட்டியின் மேல் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் உணவு நல்ல உணவு. பிறகு ஆளுக்கொரு வயிற்று மாத்திரை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெற்றிலை போட்டுக்கொள்வது மாதிரி அது ஒரு பழக்கம்.

அந்தப் பாசித்தொட்டிக்குப் பொறுப்பாளர் நம் இருதயராஜ்தான். ஊருக்கே சோறு போடுகிறவர். அவர் வீட்டுப் பூனைதான் ஜமீன்.

பூமியிலிருந்து கப்பலில் வந்தபோதே ஜமீனுக்கு அந்தப் பேர் அமைந்துவிட்டது. நேற்று தின்றதை இன்று தின்னமாட்டான். புதிதாக ஒன்றைக் கொடுத்தால் வயிறு போகும். வழியில் ஜெபக்கனி காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் அவள் நெஞ்சின் மேலேயே படுத்துக் கிடந்தவன் என்பதால், அவன் எத்தனை அழிச்சாட்டியம் செய்தாலும் அவளுக்குப் பொறுக்கும். கப்பலில் வந்த கருவாட்டுப் பொடி இருக்கும்வரை காலம் ஓடிற்று. அது தீர்ந்தது. பூனை நாக்கில் சில்லு நிற்காது. இனிக் களிதான்.

"ஜமீன், இந்தா ராசா, சாளை மீன்" என்று ஜெபக்கனி கிண்ணத்தை வைத்தாள். பூனைக்கும் பேர் வைத்துத்தான் கொடுத்தாள் பாருங்கள். அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. ஜமீன் முகர்ந்தான். முகத்தைத் திருப்பினான்.

"சரி, சாளை வேண்டாம். நெத்திலி! நெத்திலிதான் இது."

ஜமீன் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பறண்டத் தொடங்கினான். பூனை எதை மூடுவதற்கு அப்படிப் பறண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

"என் களிய மூடுதான் பாரு! அது என்ன பீயா?" என்று இருதயராஜ் எழுந்துவிட்டார். "ஊரே வழிச்சு நக்குது. இவனுக்கு ஆகாதாம். பசிச்சா தானா திம்பான், விடுட்டி."

பசித்தது, தின்னவில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. உடம்பின் எடை குறையும் அந்த நிலவில் கூரை வரைக்கும் தாவுகிறவன், கட்டிலுக்கு ஏறக் காலை வைத்து, யோசித்து, இறங்கிவிட்டான். ஜெபக்கனி அவனை முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வைத்தியப்பொறியிடம் ஓடினாள். பொறி பூனையையும் பார்த்தது, களியையும் பார்த்தது.

"உணவில் குறையில்லை. உண்டவர் அனைவரும் திருப்தி. குறை பூனையிடம் உள்ளது. இது இன்னும் பட்டினி கிடந்தால் ஈரல் கெடும். அதன் பின் காப்பாற்ற இயலாது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"உணவு ஊட்டவும்."

திரும்பும் வழியில் ஊர்த்தலைவி ரெஜினாள் எதிரே வந்தாள். நல்ல மனுஷிதான், வாய்தான் சும்மா இராது. "என்ன ஜெபக்கனி, ஊருக்குச் சோறு போடுத வீட்டுல பூனை பட்டினியாமே? சமைச்சவரு மூஞ்சியப் பாத்துப் பிடிக்கலையோ என்னமோ!"

"சிரிங்க அக்கா. ஒங்க வீட்டுப் பிள்ள இப்படிக் கெடந்தா சிரிப்பீங்களா?"

ரெஜினாளின் சிரிப்பு நின்றது. ஜமீனின் காதைத் தொட்டுப் பார்த்தாள். காது சில்லென்றிருந்தது. வழிவிட்டாள். வீட்டுக்கு வந்த ஜெபக்கனி, பூனையை மடியில் கிடத்தி, களியை விரலில் தொட்டு அவன் வாய்க்குள் தடவினாள். உடம்பு முழுவதும் ஓர் உலுக்கு. வெள்ளை நுரையாக வாந்தி வந்தது. அங்கே வாந்திகூட அவசரப்படாமல்தான் தரை இறங்கும். அது இறங்கி முடிப்பதற்குள் ஜமீனின் தலை அவள் கையில் சரிந்துவிட்டது. மூச்சு மட்டும் இருந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளைக்கு ஊட்டும்முன் நம் வீட்டில் பெண்கள் செய்வதைத்தான் செய்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று ருசி பார்க்க நினைத்தாள். காதுக்குப் பின்னால் விரலை வைத்து, விடாமல் அழுத்தினாள். குடியேறிய நாளிலிருந்து யாரும் செய்யாத காரியம் அது. நாச்சில்லு அணைந்தது. வாய் திடீரென்று காலி வீடு மாதிரி ஆயிற்று. ஒரு வாய் களியை எடுத்து வைத்தாள்.

எலி செத்த சாக்கடை. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. மூக்கு வழியாகவும் குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு துப்பினாள். துப்பத் துப்ப ஒன்று விளங்கிற்று: இதையா இத்தனை நாள் சப்புக்கொட்டித் தின்றோம்?

பூனையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். "ஏங்க! களி அழுகிப் போச்சுங்க!"

இருதயராஜ் மேலே கை காட்டினார். "பச்சை எரியுது பாரு."

"பச்சை நீங்க தின்ன வஞ்சிரத்துக்கு எரியுது. களிக்கு எரியல. சில்ல அணைச்சிட்டு ஒரு வாய் வைங்க."

"ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பேர் வைக்காம யாராவது..."

"ஒரு வாய். இவன் போயிட்டான்னா ஒங்கிட்ட நான் பேசமாட்டேன். எந்தக் காலத்துலயும்."

அவள் 'ஒங்கிட்ட' என்று ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை. இருதயராஜ் பூனையைப் பார்த்தார். அவர் விரல் காதுக்குப் பின்னால் போயிற்று. களியை வாயில் வைத்தார். அடுத்த நிமிடம் அந்தப் பெரிய மனிதர் தொட்டியோரம் முழங்கால் போட்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர். "மாதாவே! ஊருக்கே இதையா போட்டேன்?" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியைத் திறந்து வடித்தார்கள். அடியில் கறுப்பாக, முழங்கால் ஆழத்துக்கு அழுகல். கழுவித் துடைத்துப் புதுப்பாசி விட்டார்கள். பாசி வளரும்வரை ஆபத்துக்காலத்துக்கு வைத்திருந்த ரொட்டி முழுவதையும் ஊர் தின்று தீர்த்தது. ஜெபக்கனி ரொட்டித் துணுக்கைக் கரைத்த சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஜமீனின் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். புதுக்களி வந்த அன்று, பேர் ஏதும் வைக்காமல், வாய் திறக்காமல், கிண்ணத்தை மட்டும் அவன் முன்னால் நகர்த்தினாள்.

ஜமீன் முகர்ந்தான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாக்கை நீட்டினான். ஒரு நக்கு. இன்னொரு நக்கு. பிறகு கிண்ணம் தரையில் நகர நகரத் தின்றான்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை, கண்ணுகளா. ஆனால் மனுஷப்பிறவி பாருங்கள்.

ஊர் கூடிற்று. ஜெபக்கனி எழுந்து, "இனிமே ஆளுக்கு ஒரு வாயாவது சில்ல அணைச்சிட்டு ருசி பாத்துட்டு அப்புறம் சாப்பிடுவோம்" என்றாள். எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"எதுக்கு நாம அந்தப் பாடு படணும்?" என்றாள் ரெஜினாள். "அதான் ஜமீன் இருக்கான்ல?"

பலமான கைதட்டல். பச்சை விளக்கைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் ஜமீனுக்கு மெத்தை போட்டார்கள். அவன் தின்றால் ஊர் தின்னும். நம் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சாப்டாச்சா?' என்று கேட்போமே, கனிமேட்டில் அது மாறிற்று. 'ஜமீன் சாப்டானா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். போதாதென்று, வீட்டுக்கு வீடு தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் வந்தார்கள். தொட்டி நல்லதுதான், எங்கள் தட்டும் நல்லதா என்று அவன் சொல்ல வேண்டுமாம். ஆளுக்கொரு நக்கு. வயிறு சரியில்லாத பிராணி, எத்தனை தட்டைத்தான் நக்கும்?

"போதும், கொடுக்காதீங்க. அவன் வயிறு தாங்காது" என்று ஜெபக்கனி தடுத்தாள்.

"ஒரே ஒரு நக்கு ஜெபக்கனி. எங்க வீட்ல சின்னப் பிள்ள இருக்கு" என்பார்கள். எப்படி மறுப்பாள்?

ஒருநாள் காலை, மெத்தையில் உட்கார்ந்து விலாவை நக்கிக்கொண்டிருந்த ஜமீன் கழுத்தை நீட்டினான். வயிறு எக்கியது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கக்கினான்.

"ஜமீன் வாந்தி எடுத்துட்டான்!"

அபாய மணி அடித்தது. அம்மாமார் பிள்ளைகளின் வாயில் விரலை விட்டுத் தின்றதை வெளியே எடுத்தார்கள். ஜெபக்கனி குனிந்து, கக்கியதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நீளமாய்த் திரித்த முடி உருண்டை.

"இது முடி! அவன் மேல உள்ள முடி! நக்குத பூனை எல்லாமே கக்கும்! தொட்டிய வடிச்சிராதீங்க!"

யார் கேட்டார்கள்? இருதயராஜின் கை வடிகால் திருகில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்தாள். "ஒரு வாய் வச்சுப் பாருங்க. அன்னைக்கு வச்சீங்கள்ல?"

"அன்னைக்கு வச்சதுலதான் பயம்" என்றார் அவர். "என்னால இன்னொருக்க முடியாதும்மா. ஊரு உசிரு என் கையில இருக்கு." திருகினார். நல்ல உணவு, ஒரு குறையும் இல்லாத உணவு, அத்தனையும் பனிப்பாறை இடுக்கில் இறங்கி உறைந்துபோயிற்று.

ஆபத்துக்கால ரொட்டி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மறுபடி பாசி வளர வாரங்கள் ஆகும். அடுத்த நாளே பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கின. அதற்கடுத்த நாள் அதுவும் நின்றது. அமைதியாகச் சுவரில் சாய்ந்துவிட்டன. அப்போதுதான் ஜெபக்கனிக்குத் தொட்டிக்குப் பக்கத்துச் சோதனை அறையின் நினைவு வந்தது. தொட்டியை வடித்த அன்று காலையில் வழக்கம்போல் மாதிரிக்கு எடுத்த களி, பெரிய குண்டான் நிறைய, மூடியபடி குளிரில் இருந்தது. ஊருக்கே கஞ்சியாகக் கரைத்தால் பாசி வளரும்வரை உயிர் தங்கும். இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

"வாங்க. பிள்ளைகளுக்கு முதல்ல."

ஒருவரும் அசையவில்லை.

அவள் சில்லை அணைத்தாள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு கை அள்ளித் தின்றாள். மண்வாசனையும் லேசான உப்புமாக இருந்தது. இன்னொரு கை தின்றாள். "பாத்தீங்களா? நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல. ரெஜினாக்கா, ஒரு வாய் வைங்க. ஒரே வாய்."

ரெஜினாள் களியை எடுத்து முகர்ந்தாள். முகத்தைத் திருப்பினாள். "நீ தின்னுட்ட, சரி" என்றாள். "ஜமீன் சாப்டானா?"

எல்லாரும் மெத்தையைப் பார்த்தார்கள். ஊர் பட்டினி கிடந்த அந்த நாட்களில்தான் அவனுக்கு யாரும் தட்டை நீட்டவில்லை. ஜெபக்கனி அவனுக்குத் தண்ணீர் மட்டும் அளவாகக் கொடுத்து வந்தாள். அதனால் வெகுநாளைக்குப் பிறகு அவன் வயிறு சொன்னபடி கேட்டிருந்தது. வால் மூக்கைச் சுற்றியிருக்க, காதைக்கூட அசைக்காமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுப்பாதீங்க" என்று இருதயராஜ் மெதுவாகச் சொன்னார். "எழுப்பினா கோவத்துல தின்னமாட்டான்."

பூனைக்கு ஊட்டுவதையா பெரிய பாடு என்று நினைத்தோம் என்று ஜெபக்கனி எண்ணிக்கொண்டாள். நல்ல உணவு குண்டான் நிறைய நடுவில் இருக்க, அதைச் சுற்றிப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல், அந்த ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஒரு பூனை கண் விழிப்பதற்காக.

நேரமாகிறது கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் சோறு உங்கள் நாக்கிலேயே ருசிக்கட்டும். ருசிக்காத அன்றைக்கு, இது சரியில்லை என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒரு வாயாவது இருக்கட்டும். அந்த வாய் மனுஷ வாயாகவே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.