சேமிக்காத பூஜ்யம்

ஃபைலைத் திறந்ததும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. இந்த ஃபைலை வேறொருவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார். திறந்தவர்: சிவகுரு.

சிவகுரு போன ஆடி மாதமே இறந்துவிட்டார். ஆனாலும் ஜெஸிந்தா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குன்னூருக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டரைத் தொடுகிற எல்லோரும் இன்னும் அவர் பெயரில்தான் உள்ளே போகிறார்கள். புதுப் பெயர் போடத் தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். யாரோ மூடாமல் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைத்து, வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டி எச்சரிக்கையைத் தாண்டினாள். நேற்று தன் கையாலேயே மூடிவிட்டுப் போனது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களை மூடுபனி விழுங்கியிருந்தது. மூன்றே முக்காலுக்கே விளக்குப் போட வேண்டிய வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஃபேக்டரியில் இருந்தது இரண்டே பேர், அவளும் அவள் கணவன் சில்வஸ்டரும். மெக்கானிக்கான சில்வஸ்டர் இன்று இலையை உலர்த்தும் டிரையருக்குள் இறங்கி, கருகி ஒட்டிய தேயிலைத் தூளைச் சுரண்ட வேண்டும்.

தினமும் நாலு மணி தொடங்கி நிமிடத்துக்கு ஒரு முறை மிஷின் இந்த ஃபைலைப் படிக்கும். உள்ளே ஒன்று என்ற எண் இருந்தால் டிரையரின் ஃபேன் ஓடி, பர்னர் பற்றிக்கொள்ளும். பூஜ்யம் இருந்தால் சும்மா கிடக்கும். மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் டிரையருக்குள் மாட்டும் விளக்கும் அதோடு போய்விடும் என்று இங்கே யாரும் அணைப்பதில்லை. அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் இறங்குவார்கள்.

சிவகுருவும் அப்படித்தான் இறங்கினார். ஒன்றைப் பூஜ்யமாக்கினார், சேமிக்காமல் எழுந்து போனார். மிஷின் பழைய ஒன்றைப் படித்தது. ஃபேனின் இழுவையில் கதவு சாத்திக்கொண்டது.

மானிட்டரின் ஓரத்தில் அவர் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. ஐ தட்டினால் எழுதலாம். எஸ்கேப் தட்டினால் எழுதுவது நிற்கும். கோலன் டபிள்யூ தட்டி என்டர் கொடுத்தால் சேமிக்கும். கோலன் க்யூ, கூடவே ஓர் ஆச்சரியக்குறி போட்டால், அடித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடும்.

ஜெஸிந்தா ஐ தட்டினாள். ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். எஸ்கேப். அந்த நேரம் பார்த்து இன்டர்காம் கரகரத்தது.

"ஏம்புள்ள, ஆஃப் பண்ணிட்டியா? உள்ள போகட்டுமா?"

"பண்ணிட்டேனுங்க, போங்க. வெரசா முடிச்சுட்டு வாங்க, சாயங்காலப் பூசைக்குப் போகோணும்."

சேமிப்பது ஒரு நொடி வேலைதானே என்ற தைரியத்தில் சொன்னது. இன்டர்காமை அவன் அணைக்காமல் விட்டிருந்தான். தகரத்தைச் சுரண்டும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

அவள் கீபோர்டுக்குத் திரும்பினாள். கை படுவதற்கு முன்பே கர்சர் திரையின் அடிக்கு இறங்கியது. அங்கே ஒரு கோலன் விழுந்தது.

கீபோர்டு கோளாறாக இருக்கும் என்று அழித்தாள். மறுபடி கோலன். அதன் பக்கத்தில் டபிள்யூ. இந்த முறை அந்தச் சாவிகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுவதைக் கண்ணால் பார்த்தாள். மேல்மாடியிலிருந்து வரும் பச்சை இலையின் வாசத்துக்கு நடுவே வேறொரு வாசம் வந்தது. கருகிய தேயிலை. அதற்கும் அடியில், கருகிய முடி. தோளுக்குப் பின்னால் சூடு ஏறிக்கொண்டே வந்தது, திறந்த அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததைப் போல.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

அழித்தாள். மறுபடி கோலன். டபிள்யூ.

அழித்தாள்.

இப்போது சாவிகள் அவசர அவசரமாக அமுங்கின. கோலன், டபிள்யூ. கோலன், டபிள்யூ. என்டர் சாவி பாதி அமுங்கியது. அவள் எஸ்கேப்பை ஓங்கிக் குத்தினாள். காதருகே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வெளியே போக வேண்டும். இதை மூட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. விரல்களுக்குப் பழகிய வழி அது.

கோலன். க்யூ. ஆச்சரியக்குறி. என்டர்.

ஃபைல் மூடிக்கொண்டது. சூடு போய்விட்டது, வாசமும் போய்விட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

கீழே எங்கோ ஃபேன் முனகிச் சுழலத் தொடங்கியது. இன்டர்காமில் கதவு சாத்தும் சத்தம்.

சிவகுரு சேமிக்கத்தான் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க... வெளிய வாங்க... ஏனுங்க..."

பதிலுக்குத் தகரத்தைக் கையால் அறையும் சத்தம். சுவிட்ச் இருக்கும் டிரையர் ஹாலுக்கு ஃபேக்டரி நீளத்துக்கும் ஓட வேண்டும். பூஜ்யம் போட்டுவிட்டு ஓடலாம். ஃபைலைத் திறந்தாள்.

எச்சரிக்கை வந்து நின்றது. எந்தச் சாவிக்கும் அது நகரவில்லை.

இன்டர்காமில் அறையும் சத்தம் நின்றுபோனது.

சில்வஸ்டர் ஒரு நாளும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அவளுடைய விரல்களுக்குக் கீழே கோலன் சாவி தானாக அமுங்கியது. பிறகு டபிள்யூ, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப் போல மெதுவாக.

திரையில் எழுதியிருந்தது: இந்த ஃபைலை வேறொருவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார். திறந்தவர்: சில்வஸ்டர்.